துரைக்கு ஓர் அடைமொழி

அந்த வாரம் முழுவதும் எங்கள் காம்பராவில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை தேயிலைத் தோட்டத்து ஆபீசில் விசாரணை. தோட்டத்தை நடத்தும் துரை அன்றைக்கு என்ன சொல்கிறாரோ அதைப் பொறுத்துத்தான் அம்மாவின் பெயர் தோட்டத்து வேலைக் கணக்கில் இருக்குமா, வெட்டப்படுமா என்பது தெரியும். அப்பா கொழும்பில் ஒரு பாத்திரக் கடையில் இருந்தார். தோட்டத்தில் பெயருள்ளவள் அம்மா ஒருத்திதான். அந்தப் பெயர் போனால் லயத்தில் எங்களுக்கு இருந்த அந்த ஒற்றைக் காம்பராவும் போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. காம்பரா போனால் என் புத்தகங்களை எங்கே வைப்பது என்பதுதான் எனக்கு முதலில் வந்த கவலை.

நடந்தது இதுதான். முந்தின திங்கட்கிழமை பதினான்கு பெண்களை ஏழாம் நம்பர் மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பினார்கள். அந்த மலையின் நடுவே நின்ற பெரிய மரத்தில் குளவிக்கூடு ஒன்று ஒரு கொழுந்துக் கூடை அளவுக்குத் தொங்கியது. முந்தின வருடம் அதே மலையில் குளவி கொட்டி ஒரு பெண் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்து வந்தாள், ஆனால் அதற்குப் பிறகு அவள் பழைய ஆளாக இல்லை. வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை, "கொழுந்து முத்திப் போவுது. கூட்டப் பெறகு பாத்துக்கலாம், எறங்குங்க" என்றாராம். அம்மா கூடையைத் தலையிலிருந்து இறக்கி ரோட்டில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்து மற்றப் பதின்மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

துரை மோட்டார் சைக்கிளில் வந்து, முதலில் உட்கார்ந்தது யார் என்று கேட்டார். பன்னிரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள், ஒருத்தி அழுதாள். அம்மா எழுந்து நின்று, "நாந்தாங்க" என்றாள். அவ்வளவுதான் விஷயம். வேலையை மறுத்தாள், மற்றவர்களையும் மறுக்க வைத்தாள் என்று குற்றம். மற்றவர்களைக் கண்டித்து வேறு மலைக்கு அனுப்பினார்கள். ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை எல்லோரும் ஏழாம் நம்பருக்கு இறங்கியே ஆக வேண்டும், அதற்குள் இந்த விசாரணையை முடித்துவிட வேண்டும் என்று உத்தரவு. குளவிக்கூட்டைப் பற்றி அந்த உத்தரவில் ஒன்றுமில்லை.

எங்கள் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர், "நா பேசுறேன், நீங்க பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, உடப்புசல்லாவையில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டார். அந்த இடத்தை நிரப்ப வந்தவர் என் மாமா. அம்மாவின் தம்பி. அட்டன் டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் இரும்புக் கடையில் வேலை செய்தார். ஆணி நிறுக்கிற வேலைதான். ஆனால் கொழும்பிலிருந்து வரும் பெட்டிகளில் ஆங்கிலம் எழுதியிருக்குமாம், அதையெல்லாம் பிரிப்பவர் அவர்தானாம். அதனால் ஆங்கில விவகாரங்களில் எங்கள் குடும்பத்தின் கடைசி வார்த்தை அவருடையதாக இருந்தது.

"தமிழ்ல எழுதுனா கிளாக்கரு மேசையோட நின்னுரும்க்கா. இங்கிலீசுல எழுதுனா நேரா தொரை கைக்குப் போவும்" என்றார் மாமா. வரும்போதே கோடு போட்ட நல்ல தாளும் நீளமான கடித உறையும் வாங்கி வந்திருந்தார். எழுத வேண்டியது நான். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்துக்குப் பரிசு வாங்கியவள் லயத்திலேயே நான் ஒருத்திதான், பரிசாகக் கிடைத்த ஆங்கில–தமிழ் அகராதியும் என்னிடம் இருந்தது.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "நா என்ன தப்புப் பண்ணுனேன், லெட்டர் எழுதுறதுக்கு?" என்று கேட்டாள்.

"தப்புப் பண்ணுனவன் எழுதுறது இல்லக்கா பெட்டிசன். வேல வேணும்கிறவன் எழுதுறது."

அம்மா கொஞ்ச நேரம் அடுப்பைக் கிளறினாள். பிறகு என்னைப் பார்த்து, "எழுது. ஆனா மன்னிப்புன்னு மட்டும் எழுதாத. கொளவி இருக்குன்னு எழுது. கூட்ட எடுத்தாங்கன்னா மறு நிமிசம் எறங்குறோம்னு எழுது" என்றாள்.

கடிதத்தை எப்படித் தொடங்குவது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் எங்களோடு சேர்த்துப் பதினைந்து வேதக்காரக் குடும்பங்கள், எங்களுக்கென்று தகரக் கூரை போட்ட ஒரு சின்ன மாதா கோயில். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வி எடுத்த டீச்சர், ஒரு மன்றாட்டு எப்படி அமைய வேண்டும் என்று எங்களுக்கு அழுத்திச் சொல்லிக் கொடுத்திருந்தார். எடுத்த எடுப்பில் கேட்கக்கூடாது. முதலில் புகழ வேண்டும். பிறகு நம் குற்றத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் வேண்டியதைக் கேட்க வேண்டும். எல்லாம் வல்லவரே, பாவியாகிய என்னை மன்னியும், பரீட்சையில் சித்தியடையச் செய்யும். இந்த ஒழுங்கில் கேட்டுத்தான் நான் ஆங்கிலப் பரிசே வாங்கியிருந்தேன். கடவுளுக்கே இது பிடிக்குமென்றால் துரைக்கு ஏன் பிடிக்காது?

ஆக முதலில் தேவைப்பட்டது ஒரு புகழ்ச்சொல். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு காம்பராவுக்கு முன்னாலிருந்த இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தேன். 'எல்லாம் வல்ல' என்பதற்கு ஓல்மைட்டி என்று எனக்கே தெரியும். ஆனால் அது கடவுளுக்கு மட்டும் உள்ளது. அதைத் துரைக்கு வைத்தால் பாவம், பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டி வரும். அதற்கு ஒரு படி கீழே ஒரு சொல் வேண்டும். அதிகாரத்துக்கு ஒதோரிட்டி என்று தெரியும், அதைத் தேடிப் போனேன். அந்தப் பக்கத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு சொற்கள் நின்றன. ஒன்று ஒதோரிட்டேட்டிவ். 'அதிகாரபூர்வமான' என்று போட்டிருந்தது. அது தகவல், அறிக்கை, புத்தகம் இதற்கெல்லாம் சொல்வது என்று உதாரண வாக்கியத்திலிருந்து தெரிந்தது. துரை ஒரு அறிக்கை அல்ல, ஆள். அதை விட்டேன். மற்றது ஒதோரிட்டேரியன். 'கேள்வியின்றிக் கீழ்ப்படிய வேண்டும் என்று வலியுறுத்துகிற' என்று அதற்குப் பொருள்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. துரையை நேரில் பார்த்துவிட்டு எழுதியது போலவே இருந்தது. அவர் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே ஆட்கள் ரோட்டை விட்டுக் ஓரத்துக் கானில் இறங்கி நிற்பார்கள், தலையில் கட்டியிருந்த துண்டு தோளுக்கு வந்துவிடும். "தொரை சொன்னா சொன்னதுதான், மறுபேச்சு கெடையாது" என்று எங்கள் லயத்தில் அவரைப் பற்றிப் பேசும்போது சொல்லுவார்கள். அந்தக் குரலில் பயமும் இருக்கும், பெருமையும் இருக்கும். பக்கத்துத் தோட்டத்துத் துரை அப்படி இல்லை, ஆட்கள் எதிர்த்துப் பேசினால் கேட்டுக்கொண்டு நிற்பார் என்று கேலியாகச் சொல்வார்கள். ஆகவே இது பெரிய புகழ்ச்சி என்பதில் எனக்கு ஒரு துளி ஐயமும் வரவில்லை.

முதல் வரியில் அந்தச் சொல்லை வைத்தேன். 'ஒதோரிட்டேரியன் சேர் அவர்களுக்கு' என்கிற மாதிரி. இரண்டாவது வரியில் அவர் எப்போதும் ஒதோரிட்டேரியனாக இருந்து நூறு வயது வாழ வேண்டும் என்று கடவுளைக் கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு குளவி. அதற்குப் பிறகு, அம்மா சொன்னதை மீறி, 'என் தாய் தன் குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்கிறாள்' என்று எழுதிவிட்டேன். அம்மா அடுப்படியில்தான் இருக்கிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். ஆனால் மன்றாட்டில் அந்தப் பகுதி இல்லாவிட்டால் வேண்டுதல் எப்படிப் பலிக்கும்?

மாமா தாளை வாங்கிக் கைநீட்டத்துக்குப் பிடித்துப் பார்த்தார். முதல் வரியிலேயே விரலை வைத்து, "இது என்னா, இம்புட்டு நீளமா?" என்று கேட்டார். பொருளைச் சொன்னேன். "அப்பிடிப் போடு!" என்று தொடையில் தட்டினார். அன்று மாலைக்குள் லயத்துக்கே தெரிந்துவிட்டது, கடிதத்தை மாமா சொல்லச் சொல்ல நான் எழுதினேன் என்று.

அம்மா என்னிடம் தனியாகக் கேட்டாள். "கொளவிய எழுதுனியா?"

"எழுதுனேன்."

"மன்னிப்புன்னு ஏதும் எழுதலையே?"

"இல்லம்மா" என்றேன். அவள் கண்ணைப் பார்க்காமல்தான் சொன்னேன். அவளும் மேலே கேட்கவில்லை.

புதன்கிழமை மாமா கடிதத்தைக் கொண்டுபோய் கிளாக்கர் ஐயாவிடம் கொடுத்தார். வியாழக்கிழமை காலை என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை, துரை ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல நான் வேண்டுமாம். மூன்று பேரும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஆபீசுக்குள் போனோம். பனி இன்னும் கலையவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. துரையின் முன்னால் மேசையில் என் கடிதம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. என் கையெழுத்தை அந்த மேசையில் பார்த்ததும் எனக்கு ஒரே பெருமை.

துரை சிங்களவர். சிங்கள வாடையோடு தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுவார். கொஞ்ச நேரம் யாரையும் பார்க்காமல் பேனாவை மூடித் திறந்துகொண்டு இருந்தார். பிறகு கடிதத்தின் முதல் வரியில் அந்தப் பேனாவை வைத்தார்.

"இது எழுதினது யாரு?"

அந்தக் குரலைக் கேட்டதும் என் பெருமை போன இடம் தெரியவில்லை. மாமாவைப் பார்த்தேன். மாமா கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர் ஐயா ஒரு பைலை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"நா வந்து... லெட்டரக் கொண்டாந்து குடுத்தது மட்டுந்தாங்க தொரை" என்றார் மாமா. சொல்லிக்கொண்டே ஒரு அடி பின்னால் நகர்ந்தார். தான் சொல்லச் சொல்ல நான் எழுதியதாக லயம் முழுவதும் சொல்லிக்கொண்டவர் அந்த ஒரு அடியில் காணாமல் போனார்.

"நாந்தாங்க எழுதச் சொன்னேன்" என்றாள் அம்மா.

"நீ? ஒனக்கு இங்கிலீசு தெரியுமா?"

"தெரியாதுங்க. புள்ளதான் எழுதுச்சு. சொன்னது நானு."

துரை அந்தச் சொல்லைச் சத்தமாக வாசித்தார். அவர் வாசிக்கும்போது அது நான் உச்சரித்தது போல் இல்லை. அதில் எங்கோ ஒரு பல் கடிபட்டது. "இதுக்கு என்ன அர்த்தம்னு ஒனக்குத் தெரியுமா? இந்த வார்த்த எழுதி எனக்குப் பாடம் சொல்லுறதா? யாரு சொல்லிக் குடுத்தது? சங்கமா?" என்றார். காது நுனி சிவந்திருந்தது.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "என்னாடி அர்த்தம்? சொல்லு தொரைக்கு."

பொருள் எனக்குச் சரியாகத் தெரிந்தது, அதனால் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போலவே சொன்னேன். "துரை சொன்னா யாரும் கேள்வி கேக்கக் கூடாதுங்க சேர். கேள்வி கேக்காம எல்லாரும் கீழ்ப்படியணும். அப்பிடிப்பட்டவரு துரை. அதுதாங்க சேர் அர்த்தம்."

துரை என்னையே பார்த்தார். "இது நல்ல வார்த்தையா, கெட்ட வார்த்தையா?"

"நல்ல வார்த்தைங்க சேர். புகழ்றதுக்கு எழுதுனது. நூறு வருசம் அப்பிடியே இருக்கணும்னு எழுதியிருக்கேன், ரெண்டாவது லைன்ல."

அவர் குனிந்து இரண்டாவது வரியை வாசித்தார். நான் பொய் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஏனென்றால் கோபம் இறங்கியது, அது போன இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. அது என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் கோபத்தைவிட அது எனக்கு அதிகப் பயமாக இருந்தது. கிளாக்கர் ஐயா பைலை இறக்கிவிட்டு, "சின்னப் புள்ள தொரை, தெரியாம எழுதிட்டாங்க. கீழ மன்னிப்பும் கேட்டிருக்காங்க" என்று மெல்ல எடுத்துக் கொடுத்தார். நல்ல மனுஷன்.

அம்மா என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு முறைதான். நான் தரையைப் பார்த்தேன்.

துரைக்கும் அந்த வழி பிடித்துவிட்டது போலிருந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சரி. புள்ள நல்ல வார்த்தன்னுதான் எழுதியிருக்கு. மன்னிப்பும் கேட்டிருக்கு. நீயும் சொல்லு. இந்த லெட்டர் சரிதானே? ஆமான்னு சொல்லிட்டு நாளைக்குக் காலையில வேலைப் பெரட்டுக்கு வந்து பேரு குடு. ஏழாம் நம்பருக்குப் போ. விசாரணை முடிஞ்சு போச்சு."

மாமா பின்னாலிருந்து, "சொல்லுக்கா, ஆமான்னு சொல்லுக்கா" என்று கிசுகிசுத்தார். நானும் மனதுக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு சொல். அதைச் சொன்னால் வேலை இருக்கிறது, காம்பரா இருக்கிறது, என் கடிதம் வென்றுவிட்டது.

அம்மா சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டாள். அவசரப்படவே இல்லை.

"அது நல்ல வார்த்தையா கெட்ட வார்த்தையான்னு எனக்குத் தெரியாதுங்க தொரை. ஆனா புள்ள சொன்ன அர்த்தம் சரிதாங்க. நீங்க அப்பிடித்தாங்க இருக்கீங்க. மன்னிப்புதாங்க சரியில்ல. அத நா எழுதச் சொல்லல. கொளவி இன்னும் அங்கதாங்க இருக்கு."

துரை ஜன்னல் பக்கம் பார்த்தார். பனியில் பார்ப்பதற்கு அங்கே என்ன இருந்தது என்று தெரியவில்லை. பிறகு கடிதத்தை நாலாக மடித்து மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார். "ரெண்டு கிழமைக்கு வேலை கெடையாது. எல்லாரும் போங்க" என்றார். கிளாக்கரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அதில் ஏழு என்ற எண் மட்டும் எனக்கு விளங்கியது.

வெள்ளிக்கிழமை காலை அந்தப் பதின்மூன்று பேரும் ஏழாம் நம்பருக்குப் போனபோது மரத்தில் கூடு இல்லை. மருந்தடிக்கிற ஆட்கள் இரவோடு இரவாக வந்து எடுத்துப் போயிருந்தார்கள். அன்று வேலை முடிந்து அவர்கள் ஒருவர் பின் ஒருவராக எங்கள் காம்பராவுக்கு வந்தார்கள். ஒருத்தி ஒரு இறாத்தல் பாண் கொண்டு வந்தாள். ஒருத்தி முருங்கைக் கீரை. அன்றைக்கு ரோட்டில் அழுதவள் ஒன்றும் கொண்டு வரவில்லை, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான். "அதச் சொல்லு, தொரைக்கிட்ட என்ன சொன்ன?" அம்மா சொல்லுவாள். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பிறகு இன்னொரு முறை சொல்லச் சொல்வார்கள்.

நான் மூலையில் புத்தகத்தை விரித்துக்கொண்டு ஒரு எழுத்தும் வாசிக்காமல் எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? இரண்டு வாரச் சம்பளம் போனது, அப்பாவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, எல்லாம் ஒரு 'ஆமா' சொல்லாததால். அவ்வளவு பாடுபட்டு அகராதியில் தேடி எழுதிய கடிதத்தை அம்மா ஒரு நிமிடத்தில் கெடுத்துவிட்டாள். அந்த இரண்டு கிழமையும் நான் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பொய் சொன்னவள் நான், கோபித்துக்கொண்டவளும் நானே. அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சொல் கெட்ட சொல் என்பது எனக்குப் பத்தொன்பது வயதில்தான் தெரிந்தது. கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் ஏதோ ஒரு நாட்டு அரசாங்கத்தைத் திட்டுவதற்கு அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே அந்த வரியை மூன்று முறை வாசித்தேன். அகராதியில் நான் கண்ட அதே பொருள்தான். கேள்வியின்றிக் கீழ்ப்படியச் சொல்வது ஒரு குற்றம் என்று நினைக்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புதுச் செய்தி. பம்பலப்பிட்டியில் இறங்க வேண்டியவள் இரண்டு ஹோல்ட் தாண்டிப் போய் இறங்கினேன்.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அந்த இரண்டு கிழமையில் வந்த ஒரு பின்னேரம். நான் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றாள். கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தாள்.

"அந்தத் தொரை வார்த்தைய ஒருக்கா சொல்லிக்காட்டேன்டி. எனக்கு வாயில வரமாட்டேங்குது."

"ஒனக்கெதுக்கு அது?" என்று கேட்டுவிட்டு நான் புத்தகத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். "ஒத்தோ... ஒத்தோரி..." என்று தானாகவே இரண்டு முறை முயன்று பார்த்தாள். அப்புறம் அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தத் தோட்டத்தில் அந்தச் சொல்லின் பொருளைத் துரையின் முகத்துக்கு நேரே குற்றமாகச் சொன்னவள் அவள் ஒருத்திதான், நான் வெறுமனே எழுதியவள் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.